நாகரிகமா, காட்டுமிராண்டித்தனமா? கதைகள் வழியே ஓர் அறிமுகம்

வாசகர் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடுவார்கள். ஏதோ ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு நடக்கும். "இது மனித மனத்துக்குள் நாகரிகமும் காட்டுமிராண்டித்தனமும் மோதிக்கொள்வதைப் பற்றிய கதை" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த மோதல் யாருக்கும் யாருக்கும் இடையில், எதனால் வருகிறது, கதை எழுதுகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப அதற்கே வருகிறார்கள் என்று நின்று விளக்க யாருக்கும் நேரம் இருக்காது. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறவன். எனக்கு இந்தக் கேள்வியின் மேல் தனியாக ஓர் அக்கறை உண்டு. காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் கேள்வியை எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பசியோடு இருக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் சோறு இருக்கிறது. பிடுங்கிக்கொள்ளும் பலமும் இவருக்கு இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் பிடுங்குவதில்லை. ஏன்? தண்டனைக்குப் பயந்தா, நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கத்தாலா, இல்லை அவருக்குள்ளேயே அப்படி ஒரு குணம் ஊறிக் கிடக்கிறதா? பிடுங்கச் சொல்லும் உந்துதலைக் காட்டுமிராண்டித்தனம் என்றும், பிடுங்கவிடாமல் கையைப் பிடித்து நிறுத்துகிற எல்லாவற்றையும் நாகரிகம் என்றும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரையறையில் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

தத்துவவாதிகள் இதற்கு இரண்டு பழைய பதில்களைக் கொடுத்திருக்கிறார்கள். உள்நாட்டுப் போரால் கிழிந்துபோன இங்கிலாந்தைப் பார்த்த தாமஸ் ஹாப்ஸ் 1651இல் எழுதினார்: எல்லோருக்கும் மேலே ஓர் அதிகாரம் இல்லையென்றால் எல்லோரும் எல்லோரோடும் சண்டையிடுவார்கள், வாழ்க்கை வறுமையும் கொடூரமும் நிறைந்து சீக்கிரமே முடிந்துவிடும். நூறு ஆண்டுகள் கழித்து, 1755இல், ரூசோ ஏறக்குறைய எதிர்ப்பக்கம் நின்று பேசினார். மனிதனுக்கு இரக்கம் இயல்பிலேயே உண்டு, சொத்தும் ஏற்றத்தாழ்வும் வந்த பிறகுதான் அவன் கெட்டான் என்பது அவர் வாதம். தத்துவத்தை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கதைகள் இதைவிடக் கூர்மையாக வேலை செய்கின்றன.

கதைக்காரர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் வாழ்க்கையிலிருந்து எதையாவது ஒன்றை உருவிவிட்டு, அப்புறம் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். போலீஸை எடுத்துவிடலாம். அப்பா அம்மாவை எடுத்துவிடலாம். இதற்கு வசதியான இடம் ஆளில்லாத தீவு. 1719இல் டேனியல் டிஃபோ ராபின்சன் குரூசோவைத் தீவில் இறக்கினார். அவன் அங்கே வேலி போட்டு, ஆடு வளர்த்து, கணக்கு எழுதி ஒரு குட்டி இங்கிலாந்தையே கட்டிக்கொண்டான். 1857இல் பாலன்டைன் எழுதிய 'தி கோரல் ஐலண்ட்' கதையில் மூன்று ஆங்கிலேயப் பையன்கள் தீவில் ஒதுங்குகிறார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். தீமை முழுக்க வெளியிலிருந்து, கடற்கொள்ளைக்காரர்களாகவும் தீவுவாசிகளாகவும் வருகிறது. ஒரு பேரரசு தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்ட கதை அது. நாகரிகம் நம் ரத்தத்தில் இருக்கிறது, எங்கே போட்டாலும் முளைக்கும் என்ற நம்பிக்கை.

வில்லியம் கோல்டிங் 1954இல் அந்த நம்பிக்கையை உடைத்தார். இந்தத் தலைப்பில் உலகம் முழுக்கப் பள்ளிகளில் பாடமாக இருக்கும் நாவல் அவருடைய 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்'தான். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். பையன்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்வார்கள் என்பதை வகுப்பறையில் தினமும் பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தார். 1944இல் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்கியபோது அங்கே இருந்தார். தேனீ தேனைச் சுரப்பதுபோல மனிதன் தீமையைச் சுரக்கிறான், அந்தப் போர் ஆண்டுகளைக் கடந்தும் இது புரியாதவர் குருடராகத்தான் இருக்க வேண்டும் என்ற பொருளில் பின்னால் எழுதினார். பாலன்டைனின் பையன்களிடமிருந்து ரால்ஃப், ஜாக் என்ற இரண்டு பெயர்களையும் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்.

கதை இதுதான். ஒரு போர்க்காலத்தில் பள்ளிப் பையன்களை ஏற்றிவந்த விமானம் தீவில் விழுகிறது. பெரியவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ரால்ஃபும், மூக்குக்கண்ணாடி போட்ட, ஆஸ்துமாக்காரனான பிக்கியும் ஒரு சங்கைக் கண்டெடுக்கிறார்கள். அதை ஊதினால் எல்லோரும் கூட வேண்டும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. ஆறு வயதுப் பொடியனும் சங்கைக் கையில் வாங்கிவிட்டால் எல்லோரும் அவனைக் கேட்டாக வேண்டும். எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அரசியலமைப்பு, சட்டமன்றம் எல்லாவற்றையும் கோல்டிங் ஒரு கிளிஞ்சலுக்குள் அடைத்துவிட்டார். அந்தச் சங்குக்கு என்று தனியாகப் பலம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரைதான் அது சட்டம்.

வடசென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது விளக்கமே இல்லாமல் புரியும். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ லாரி வருவதற்கு வெகுநேரம் முன்பே காலிக் குடங்கள் தெருவோரம் வரிசையில் நிற்கும். குடத்துக்கு உரியவர் அங்கே இருக்க மாட்டார். பிள்ளையைப் பள்ளியில் விடப் போயிருப்பார், இல்லையென்றால் காசிமேட்டில் மீன் எடுக்கப் போயிருப்பார். "யக்கா, என் கொடத்த கொஞ்சம் பாத்துக்கோக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். பச்சை பிளாஸ்டிக் குடம் ஒரு மனுஷியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை நகர்த்த ஒரு விரல் போதும். யாரும் நகர்த்துவதில்லை. ஏரிகள் வறண்டு நகரமே தவித்த 2019 கோடையிலும் இந்த வரிசைகள் நின்றன. போலீஸ் வந்து காவல் நிற்கவில்லை.

குழாயடிச் சண்டை என்று ஊரே கேலி பேசுகிறது. சண்டை வராத நாட்களில் அந்த வரிசையைக் காப்பாற்றியது யார் என்று கேட்பவர்கள் குறைவு. வரும் சண்டைகளையும் சற்று நின்று கேட்டால், பெரும்பாலும் யாரோ ஒருவர் குடத்தை முன்னால் தள்ளியதற்கான நியாயம்தான் அங்கே சத்தமாகக் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கும். இதை நான் சும்மா ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. நாகரிகம் என்றால் அகலமான சாலை, கண்ணாடிக் கட்டடம், மெல்லிய குரல் என்று நினைத்துப் பழகியவர்கள் கோல்டிங்கின் சங்கைத் தவறவிட்டுவிடுவார்கள்.

சரி, தீவுக்குத் திரும்புவோம். அங்கே சரிவு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். புதிதாகப் படிப்பவர்கள் கொலைகளைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு வெகு முன்பே சின்னச் சின்ன இடங்களில் நூல் பிரிய ஆரம்பித்துவிடுகிறது. ரோஜர் என்ற பையன் மறைந்து நின்று, கரையில் விளையாடும் ஒரு சிறுவன்மேல் கல் எறிகிறான். படாமல் எறிகிறான். அந்தச் சிறுவனைச் சுற்றிச் சில கெஜம் அகலத்துக்கு ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் எறிய ரோஜருக்குக் கை வரவில்லை. பெற்றோர், பள்ளி, போலீஸ், சட்டம் எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் அவை அந்தக் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிறகு ஒருநாள் இதே ரோஜர் ஒரு பெரும்பாறையை நெம்பித் தள்ளுகிறான். பிக்கி சாகிறான், சங்கு தூள்தூளாகிறது. அந்த வட்டம் முதலில் சுருங்கி, பிறகு இல்லாமலே போனதுதான் இடையில் நடந்தது. என்னைக் கேட்டால் மொத்த நாவலுமே அந்த வட்டத்தின் வரலாறுதான்.

ஜாக் முகத்தில் களிமண்ணும் கரியும் பூசிக்கொள்ளும் இடமும் முக்கியம். பன்றிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளத்தான் பூசுகிறான். தண்ணீரில் தன் பிம்பத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ நடந்துவிடுகிறது. அந்த முகம் அவனுடையதாகத் தெரியவில்லை. அந்த முகம் செய்யும் எதற்கும் ஜாக் வெட்கப்பட வேண்டியதில்லை. கூட்டத்தில் முகம் மறைவதும், பெயரில்லாமல் ஒரு கூச்சலில் சேர்ந்துகொள்வதும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் படித்ததில்லை.

அப்புறம் சைமன். தீவில் ஏதோ மிருகம் இருக்கிறது என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். சைமன் தனியாக மலையேறிப் பார்க்கிறான். அது பாராசூட்டில் சிக்கிய ஒரு செத்த விமானியின் உடல். அந்த நல்ல செய்தியைச் சொல்ல அவன் இருட்டில், மழையில் ஓடிவருகிறான். கீழே பையன்கள் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடிவரும் உருவத்தை மிருகம் என்று எண்ணி அடித்தே கொன்றுவிடுகிறார்கள். அந்த வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும்கூட இருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள். கோல்டிங் நல்லவர்கள், கெட்டவர்கள் என்று இரண்டு கட்சி பிரித்து, நல்ல கட்சியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் புகையைப் பார்த்து ஒரு கடற்படை அதிகாரி வந்து பையன்களைக் காப்பாற்றுகிறார். பிரிட்டிஷ் பிள்ளைகள் இன்னும் ஒழுங்காக நடந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிறார். அவர் வந்தது போர்க்கப்பலில். அவரும் மனித வேட்டைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

சைமனுக்கு நடந்தது கதையோடு முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நமக்கு வடக்கே, கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டில் ஒருவரையும், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியையும் கூட்டம் அடித்தே கொன்றது. அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளை நேசித்தவர்கள்தான். பயம், இருட்டு, கூட்டம், அந்நியர் ஒருவர்: சைமன் செத்ததும் இதே நான்கினால்தான்.

கோல்டிங் சொன்னது மட்டும்தான் உண்மையா? இதற்கு வாழ்க்கையே ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. 1965இல் டோங்கா நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பையன்கள் ஒரு படகைத் திருடிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். புயலில் பாயும் சுக்கானும் போய், எட்டு நாள் மிதந்து, ஆட்டா என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். அங்கே பதினைந்து மாதங்கள் இருந்தார்கள். 1966இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் தன் கப்பலில் வந்து அவர்களைக் கண்டுபிடித்தபோது ஆறு பேருமே உயிரோடு இருந்தார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்து வேலை செய்திருந்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால் இருவரும் தீவின் வேறு வேறு பக்கம் போய்க் கோபம் ஆறியதும் திரும்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், அப்படியென்றால் கோல்டிங் பொய் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. டோங்காப் பையன்கள் ஏற்கெனவே நண்பர்கள், ஆறே பேர். கோல்டிங்கின் பையன்களில் பலர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். வரும்போதே ஜாக் தன் பாடகர் குழுவைக் கறுப்பு அங்கியில் இரட்டை வரிசையாக நடத்திக்கொண்டுதான் வருகிறான். அதிகாரத்தின் ருசி அவனுக்குத் தீவில் கிடைத்தது அல்ல, பள்ளியில் கிடைத்தது. இரண்டு தீவிலும் முதலில் விதி செய்தார்கள். ஒரு தீவில் கோபத்துக்கும் சேர்த்து விதி செய்திருந்தார்கள். மனிதன் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதைவிட, எந்த ஏற்பாடு எவ்வளவு நாள் தாங்கும், அதை உடைப்பது எது என்று கேட்டால் இந்த வகைக் கதைகள் நிறையச் சொல்லும். புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு நான் கொடுக்க விரும்பும் சாவி இது.

கோல்டிங்கிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பையன்கள் கொடூரமாக மாறியதைக் காட்ட அவர் முகச்சாயம், ஈட்டி, வட்ட ஆட்டம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். இவையெல்லாம் உலகின் பல பழங்குடி மக்களுக்கு விழாவும் வழிபாடும். அணுகுண்டு போட்ட நாட்டுப் படைகளின் சீருடையை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்துப் போர்க்கப்பல் அந்தக் கணக்கை ஓரளவு சரிசெய்கிறது. இருந்தாலும் முன்னூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஐரோப்பா பழகிய ஒரு பார்வை அந்தச் சாயத்தில் ஒட்டியிருக்கிறது. நான் முன்னால் சொன்ன வரையறையின் ஓட்டை இங்கேதான். காட்டுமிராண்டி என்று பெயர் வைப்பது யார்?

இந்தக் கேள்வியைப் பாதிவரை கொண்டுவந்தவர் ஜோசப் கான்ராட். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த காங்கோவுக்கு 1890இல் கப்பல் வேலைக்காகப் போனவர். அங்கே கண்டதை வைத்து 1899இல் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' எழுதினார். அதில் கர்ட்ஸ் என்பவர் யானைத் தந்தம் சேகரிக்கக் காட்டுக்குள் போனவர். படித்தவர், பாடத் தெரிந்தவர், பேச்சில் மயக்குபவர். காட்டுமிராண்டிப் பழக்கங்களை ஒழிப்பதற்கான ஒரு சங்கத்துக்காக உன்னதமான சொற்களில் அறிக்கை எழுதுகிறார். அதன் கடைசியில், நடுங்கும் கையெழுத்தில், எல்லா மிருகங்களையும் அழித்துவிடுங்கள் என்று ஒரு வரி. அவர் வீட்டைச் சுற்றிக் கம்பங்களில் மனிதத் தலைகள்.

அதே கதையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதி உண்டு. ஆற்றில் போகும் நீராவிப் படகில் வேலைக்கு வைத்திருப்பவர்கள் நரமாமிசம் சாப்பிடும் இனத்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்குக் கூலியாகக் கிடைப்பது வாரத்துக்கு மூன்று துண்டுப் பித்தளைக் கம்பி. அதைக் கொடுத்து வழியில் சோறு வாங்க முடியாது. பல நாள் பட்டினி. படகில் வெள்ளைக்காரர்கள் சிலரே. இவர்கள் முப்பது பேர். ஏன் இவர்கள் எங்களைத் தொடவில்லை என்று கதைசொல்லி வியந்துபோகிறான். அவர்களிடம் இருந்தது தன்னடக்கம். கர்ட்ஸிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

பாதிவரை என்று சொன்னேன். மீதியைச் சொன்னவர் நைஜீரியாவின் சினுவா அச்சிபி. கான்ராடின் கதையில் ஆப்பிரிக்கர்கள் கூச்சலும் கைகால்களுமாக மட்டும் வருகிறார்கள், ஓர் ஐரோப்பியன் மனம் கலங்குவதற்கு அவர்கள் வெறும் பின்னணித் திரை என்று 1975இல் அமெரிக்காவில் ஓர் உரையில் கடுமையாகச் சொன்னார். அதற்கு முன்பே 1958இல் அவர் எழுதிய நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. அதில் உமோஃபியா என்ற ஊருக்குத் திருமண முறை உண்டு, விருந்து முறை உண்டு, வழக்குத் தீர்க்க மூதாதையர் முகமூடி அணிந்த சபை உண்டு. மனைவியை அடிக்கும் ஒருவனின் வழக்கில் அந்தச் சபை இரு தரப்பையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறது. அச்சிபி தன் மக்களைப் புனிதர்களாக்கவும் இல்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிகிறார்கள். தன்னை 'அப்பா' என்று அழைத்த பையனை நாவலின் நாயகன் ஒகொன்க்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். இவ்வளவையும் காட்டிவிட்டு, கடைசியில் ஒரு வெள்ளைக்கார மாவட்ட ஆணையரை நிறுத்துகிறார். ஒகொன்க்வோ தானே தூக்குப் போட்டுக்கொண்டு தொங்குகிறான். இவன் கதைக்கு என் புத்தகத்தில் ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று ஆணையர் யோசிக்கிறார். 'கீழ் நைஜர் ஆதிவாசிகளை அமைதிப்படுத்தியது' என்ற பொருளில் தலைப்பையும் முடிவுசெய்துவிட்டார். ஒரு முழு நாவலுக்கு நிகரான ஒரு வாழ்க்கை, எழுதுகோல் வேறொருவர் கையில் போனதும் ஒரு பத்தியாகிவிட்டது.

என் ஊர்க்காரர்களுக்கு அந்த ஆணையரை நன்றாகத் தெரியும். ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதி 'வெள்ளையர் நகரம்', வடக்கே தமிழரும் தெலுங்கரும் நெசவும் வியாபாரமும் செய்து வாழ்ந்த பகுதி 'கறுப்பர் நகரம்'. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, மூன்று ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தை ஒட்டி, பீரங்கிக்கு மறைப்பாக இருக்கிறது என்று பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடத்தின் ஒரு பகுதியில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. இன்னும் வடக்கே தள்ளி எழுந்த புதிய நகரத்துக்கு, ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியதை ஒட்டி 1911இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. அதே 1911இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிறப்பாலேயே சில சமூகங்கள் குற்றவாளிகள் என்று ஒரு நவீன அரசு காகிதத்தில் எழுதி, கைரேகை வாங்கியது.

பெயர் வைப்பது இன்றும் நடக்கிறது. சினிமாவில் வடசென்னை என்றாலே அரிவாளும் சந்துக்குள் ஓட்டமும். கேரம் பலகையைச் சுற்றிப் பவுடர் கையோடு நிற்கும் பிள்ளைகள், இரவுப் பள்ளிகள், ராயபுரத்துத் தெருவோரக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடங்கள் எப்போதாவது ஒரு முறை வரும். வேலைக்கு மனுப்போடும்போது முகவரியில் வேறு பேட்டையின் பெயரைப் போடலாமா என்று என்னோடு படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை எடுத்துப் போய், பெரிய வீடுகளின் மாடிகளில் சிக்கியவர்களை இறக்கிக்கொண்டு வந்தார்கள். குப்பம் என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்தும் நகரம் அது.

இந்தப் பெயர்வைப்பைத் தமிழில் நேருக்கு நேர் கேட்ட ஒரு சிறுகதை புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. மூன்று நாலு பக்கம்தான். மில் வேலைக்குப் போகும் அம்மாளு, குதிரைவண்டி ஓட்டும் கணவன். அவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சி கேட்கிறான், கையில் காசில்லை. இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள். கற்பு கற்பு என்று கதைப்பவர்களை நோக்கி ஆசிரியர் நேராகத் திரும்பி, இதுதான் பொன்னகரம் என்று சொல்லி முடித்துவிடுகிறார். அந்தச் சந்தினையும் அந்தக் கூலியையும் உண்டாக்கியது எந்த நாகரிகம் என்ற கேள்வி நம்மிடம் விடப்படுகிறது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய, இன்னும் பெரிய கதை இருக்கிறது. பலரும் சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதையாகவோ ஊழ்வினையின் கதையாகவோ மட்டும் படித்து வந்துவிட்டோம். நாகரிகம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு ஒருமுறை அதைப் படியுங்கள். அது வேறு நூலாகிவிடும்.

புகாரை விட்டு மதுரைக்கு நடக்கும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியில் எயினர் ஊரின் கொற்றவை கோயில் பக்கம் களைப்பாறுகிறார்கள். எயினர் வழிப்பறிதான் தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் நடுவில் தெய்வமேறி ஆடும் சாலினி, கண்ணகியைப் பார்த்து, கொங்கச் செல்வி, குடமலையாட்டி, தென்தமிழ்ப் பாவை என்று வாழ்த்துகிறாள். கொள்ளையர் ஊரில் ஒரு தீங்கும் நேரவில்லை. மதுரை வந்ததும் இடைக்குலப் பெண் மாதரி இடம் கொடுக்கிறாள். கெடுதல் நடந்தது கோட்டைக்குள்ளேதான், உலகத்திலேயே ஒழுங்கான ஊர்களில் ஒன்று என்று இளங்கோ நமக்குச் சுற்றிக்காட்டிய அந்த நகரத்தில்.

கொலைக்களக் காதையைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போடுகிறான். அரசியின் ஊடலைத் தீர்க்கப் போய்க்கொண்டிருந்த பாண்டியன், போகிற அவசரத்தில், சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போகிறான். 'இருந்தால்' என்று ஒரு நிபந்தனை வைத்தான். அதற்கு மேல் விசாரணை கிடையாது. காவலர்கள் வந்து கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் தோற்றத்தில் திருடனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம்தான் ரோஜரின் கல் நின்ற வட்டம். பொற்கொல்லன் சிரித்து, திருடர்கள் மந்திரமும் மருந்தும் தெரிந்தவர்கள் என்று கதைகதையாகச் சொல்லி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கூட்டத்தில் இன்னொருவன் தான் பட்ட அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறான். இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாத, குடித்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசனின் ஆணை, ஒருவனின் பொய், சிலரின் தயக்கம், ஒருவனின் போதை என்று நான்கு கைகள் சேர்ந்து செய்த கொலை. யாரும் தனியாகப் பொறுப்பில்லை. நவீன நாவல் எதுவும் இதைவிடத் துல்லியமாக ஒரு கூட்டக் கொலையைப் பிரித்துக் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் கண்ணகி அவைக்கு வந்து, தேரா மன்னா என்கிறாள். ஆராயாத அரசனே என்பது குற்றச்சாட்டு. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அவன் சட்டம் பேசுகிறான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், யானோ அரசன், யானே கள்வன் என்று விழுந்து உயிர்விடுகிறான். தவறு நிரூபணமானதும் அதிகாரத்தில் இருப்பவர் தன் பெயரையே மாற்றிச் சொல்லிக்கொள்ளும் அந்தக் கணம் இருக்கிறதே, ஆணையரிடமும் கடற்படை அதிகாரியிடமும் நாம் கடைசிவரை காத்திருந்து கிடைக்காமல் போனது அது.

கதை அங்கே முடிந்திருந்தால் நமக்கு வசதி. கண்ணகி ஊரை எரிக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று தீக்கு ஆணையிடுகிறாள். இது அறமா, கட்டவிழ்ந்த வெறியா? எங்கள் வாசகர் கூட்டத்தில் இந்த இடத்தில் பேச்சு எப்போதும் சூடாகிவிடும். உச்சக் கோபத்திலும் அவளுக்குள் ஒரு வட்டம் மிச்சமிருக்கிறது, அதற்குள் தீ போகவில்லை என்பார்கள் சிலர். தீயவர் யார் என்று யார் பிரித்தார்கள், அரசன் செய்ததற்கு ஊர் எரியலாமா, அந்தப் பட்டியலில் இல்லாத எளிய மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று சிலர் கேட்பார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனாலும் விசாரணை செத்துப்போன ஊரில் அவள் வேறு எங்கே போய் முறையிட்டிருப்பாள் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. குற்றமே செய்யாத மாதரி, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்து உயிர்விட்டாள். மலையில் கண்ணகியைக் கண்டு முதலில் தெய்வமாகக் கும்பிட்டவர்கள் குன்றக் குறவர்கள். அரசர்கள் அப்புறம்தான் கல் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'பொன்னகரம்' ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும், அதை முதலில் படியுங்கள். பிறகு உரையோடு இருக்கும் ஒரு சிலப்பதிகாரப் பதிப்பை எடுத்து, கொலைக்களக் காதையிலிருந்து வஞ்சின மாலைவரை மட்டும் படியுங்கள். முழு நூலையும் எடுத்த எடுப்பில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'சிதைவுகள்' மூன்றாவது. கோல்டிங்கின் ஆங்கிலம் அவ்வளவு கடினமானதில்லை, காடு பற்றிய வருணனைகளில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டியிருக்கும். கான்ராடைக் கடைசியாக வையுங்கள். அவருடைய வாக்கியங்கள் நீளம், மூட்டமானவை, அச்சிபியைப் படித்த கண்ணோடு போனால் அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கத் தவறினார் என்று பக்கத்துக்குப் பக்கம் பிடிபடும். ஒவ்வொன்றிலும் யாருடைய கை எந்த இடத்தில் தயங்கியது, அந்தத் தயக்கத்தை யார் பேசிப்பேசிக் கரைத்தார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். புத்தகம் நூலகத்துடையது என்றால் தனித்தாளில் குறியுங்கள்.